சிவகாசியில் அச்சான ஜெர்மன் தாய்

சிவகாசிக்குப் போகிறேன் என்றதும் உர்சுலா கேட்ட முதல் கேள்வி, "குழந்தையையும் கூட்டிக்கொண்டா?" என்பதுதான். அவர் கேட்கும்வரை எனக்கு அப்படி ஒரு கவலை தோன்றவில்லை. கேட்ட பிறகு வேறு எந்தக் கவலையும் தோன்றவில்லை.

உர்சுலா லைப்சிக் நகரில் ஒரு சிறிய பதிப்பகம் நடத்துகிறார். கணவரின் வேலைக்காக அந்த ஊருக்குப் போன நான், வாரத்தில் மூன்று நாள் அவரிடம் வேலை பார்க்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு ஜெர்மானிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் என்ன செய்தார்கள் என்பதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகம் ஒன்றை அவர் வெளியிட்டிருந்தார். அதைத் தமிழில் கொண்டுவரலாம் என்று நான்தான் சொன்னேன். அச்சடிக்க எங்கள் மாவட்டத்தை விட்டால் வேறு இடமில்லை என்றும் நான்தான் பெருமை பேசினேன். காரியாபட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பு நாட்களில் உர்சுலா என்னைப் பாடாய்ப் படுத்தினார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு நாள் ஜெர்மன் பக்கத்தையும் என் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், ஒரு வரியில் விரலை வைத்து, "இங்கே மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?" என்றார். 'செத்தான்' என்று இருந்த இடத்தில் 'மரணத்தைத் தழுவினான்' என்று எழுதியிருந்தேன். அர்த்தத்தைச் சொன்னேன். "யாரும் எதையும் தழுவவில்லை" என்றார் அவர்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் போருக்குப் போய்த் திரும்பிய ஓவியர்கள் சிலர், கை கால் இழந்து தெருமுனையில் உட்கார்ந்திருந்த சிப்பாய்களை, யாரும் பார்க்க விரும்பாத அளவுக்கு உள்ளபடியே வரைந்தார்கள். பின்னால் வந்த அரசு அந்தப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கியது. இரண்டாம் போருக்குப் பிறகு எழுத வந்த இளைஞர்களுக்கு வேறொரு சிக்கல். தியாகம், பெருமை, தாய்நாடு என்ற சொற்களெல்லாம் மேடைகளில் முழங்கி முழங்கிக் கெட்டுப் போயிருந்தன. அதனால் ரொட்டி, அடுப்பு, சட்டை, குளிர் என்று கையில் தட்டுப்படும் சொற்களை மட்டும் எடுத்துச் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதினார்கள். இடிந்த வீட்டில் கிடக்கும் செங்கல்லைத் தட்டித் தட்டி மறுபடி அடுக்குவது போல இருக்கும் அந்த எழுத்து. நான் கிளம்பும்போதும் உர்சுலா சொல்லி அனுப்பியது அதைத்தான்: "எதையும் அழகாக்கிவிடாதே."

அழகாக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் ஊருக்கு அந்தக் கட்டளையோடு வந்து இறங்கினேன்.

முதல் நாள் காரியாபட்டியில் அம்மா வீடு. நான்கு வயது யாழினி அங்கே ஒரே மாலையில் பதினைந்து பேராவது "சாப்பிட்டீகளா?" என்று கேட்பதைக் கேட்டுவிட்டாள். லைப்சிக்கில் எதிர் வீட்டுக்காரர் மூன்று வருடமாக எங்களுக்குக் காலை வணக்கம் மட்டும்தான் சொல்கிறார். "இவங்க எல்லாரும் நமக்குச் சாப்பாடு தருவாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டாள். தருவார்கள் என்றேன். தந்தார்கள். இரவுக்குள் அவள் வயிறு தாங்குமா என்ற கவலை எனக்கு வந்துவிட்டது.

அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் சிவகாசிக்குப் போவதாக இருந்தது. விட்டுப் போனால் ஒரு கவலை, கூட்டிப் போனால் ஒரு கவலை என்று காலைவரை புரண்டுவிட்டுக் கூட்டிக்கொண்டே கிளம்பினேன்.

அருப்புக்கோட்டை தாண்டியதும் யாழினிக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது. லைப்சிக்கில் டிராம் கதவு சொன்ன நேரத்தில் மூடும். உள்ளே அம்மா, வெளியே பிள்ளை என்றாலும் மூடும் என்று நான் பயந்துகொண்டே இருப்பேன். இங்கே தயங்கித் தயங்கிக் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் விசிலை ஊதிவிட்டு, "முடிச்சுட்டு மெதுவா வாங்கக்கா, பஸ்ஸு எங்கன போயிரப் போவுது" என்றார். ஒரு கருவேலம் புதருக்குப் பக்கத்தில் யாழினி உட்கார, பஸ் முழுக்கக் காத்திருந்தது. ஜன்னல் வழியே ஒருவர் பாம்பு இருக்கும் என்றார். இன்னொருவர் இந்த வெயிலில் எந்தப் பாம்பு வரும் என்று அவரோடு சண்டைக்குப் போனார். அத்தனை பேர் பார்ப்பதால் யாழினிக்கு வந்தது நின்றுவிட்டது. மறுபடி ஏறி, மறுபடி விசில், மறுபடி புதர். இரண்டாவது முறை முடித்துவிட்டு வந்தபோது பின்சீட்டில் இருந்த பெண்கள் அவளுக்குக் கை தட்டினார்கள்.

விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் பரோட்டா. மாஸ்டர் சட்டி நிறைய எண்ணெயில் பரோட்டாவை மிதக்கவிட்டு எடுப்பதைப் பார்த்து என் நெஞ்சு அடைத்தது. யாழினி சால்னா ஊற்றாமல், ஜெர்மனியில் பிஸ்கட்டைக் கடிப்பது போல முறுமுறுவென்று கடித்து இரண்டு தின்றாள். நான் மூன்று தின்றேன். கவலைப்பட்டால் எனக்குப் பசி அதிகமாகும்.

சிவகாசியில் சித்தி வீட்டில் பையை வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போனோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டிருந்த சமயம். ஆர்டர் வந்து குவிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே முருகனும் லட்சுமியும் தவழும் கிருஷ்ணனும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கல்யாண வீட்டில் வரவேற்பது போல வரவேற்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். யாழினி ஆயிற்று என்று ஜெர்மனில் பதில் சொன்னாள்.

அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினேன். மரத்தில் செதுக்கி மை தடவி எடுத்த படம் அது. இரண்டாம் போர் முடிந்த முதல் குளிர்காலத்தில் பெயர் போடாத ஒரு பெண் செதுக்கியது. செதுக்கப் பலகை கிடைக்காமல், குண்டுவீச்சில் தப்பிய அலமாரியின் கதவைப் பெயர்த்து எடுத்துச் செதுக்கியிருக்கிறார். அதனால் வானம் முழுக்க மரத்தின் வரிகள் ஓடும். இடிந்த சுவர். சுவரே இல்லாமல் தனியாக நிற்கும் அடுப்பு. அதன் முன்னால் ஒரு தாய். அவள் மடியில், ஆண்கள் போடும் கோட்டில் சுற்றிய குழந்தை. கண்கள் மூடியிருக்கும். லைப்சிக்கில் என் மேசையில் மூன்று மாதம் கிடந்த நகல். யாழினி வரும்போதெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

"பிள்ள தூங்குதோ?" என்றார் அண்ணாச்சி.

பதில் சொல்ல நிமிர்ந்தபோதுதான் அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தேன். மாரிச்செல்வி. கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்து அட்டை வடிவமைப்பவர். ஏழு மாத வயிறு. முழங்கைவரை வளைகாப்பு வளையல். அந்த வளையலைப் பார்த்துக்கொண்டே நான் "ம்" என்றுவிட்டேன்.

மறுநாள் முழுக்க அந்த 'ம்' என் கூடவே வந்தது. சித்தி எங்களை ஆனைக்குட்டம் அணைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் கொஞ்சம்தான் கிடந்தது, காற்று நிறைய இருந்தது. போகும் வழியெங்கும் பட்டாசுக் கம்பெனிகள். வெட்டவெளியில், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். திடீரென்று எங்கோ டெஸ்ட் வெடி வெடித்தது. நான் யாழினியை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். அவளோ என் பிடியிலிருந்து நெளிந்து, "புத்தாண்டா அம்மா?" என்றாள். லைப்சிக்கில் அந்த ஓர் இரவுதான் வெடி. அந்த இரவில் உர்சுலா தன் வயதான அம்மாவை ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் உட்காரவைத்து, பாட்டை உரக்க வைப்பார். போர்க்காலத்தில் சிறுமியாக நிலவறைக்குள் கேட்ட குண்டுச் சத்தம் அந்த அம்மாவை இன்னும் விடவில்லை. சித்தியிடம் இதைச் சொன்னேன். "பாவம், எம்புட்டு வயசு?" என்றார் சித்தி. பிறகு, நம் ஊரிலிருந்து அந்த ஊருக்கும் வெடி போகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சாத்தூர்ச் சேவு கொறித்துக்கொண்டே திரும்பினோம்.

அடுத்த நாள் காலை அட்டையின் மாதிரி அச்சு, புரூப், தயாராக இருந்தது. அண்ணாச்சி அதை மேசையில் விரித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

குழந்தை கண் திறந்திருந்தது.

அகலக் கண். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி ஒளி. உதட்டோரம் லேசான சிரிப்பு. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வானத்து வரிகளையும் கீறல் என்று துடைத்திருந்தார்கள். வாசலில் அடுக்கியிருந்த கிருஷ்ணன்களுக்கு ஒரு தம்பி பிறந்தது போல இருந்தது.

"காலண்டருக்குக் கண்ணு முக்கியம்மா. கண்ணு தொறக்காத படம் வீட்டுக்கு ஆகாதுன்னு வாங்க மாட்டாக" என்றார் அண்ணாச்சி பெருமையாக. சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. நான் எதையும் முடிவு செய்வதற்குள் யாழினி என் இடுப்புக்குக் கீழிருந்து தலையை நீட்டி மேசையைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பாப்பா முழிச்சிருச்சு."

மூன்று மாதம் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்த படம். எப்போது பார்த்தாள், எத்தனை முறை பார்த்தாள், யாரிடம் கேட்டாள் என்று ஒன்றும் தெரியவில்லை. தூங்குகிறது என்று அவளாகவே முடிவு செய்து, எழுந்திருக்கட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அட்டை அழகாகத்தான் இருந்தது. யாழினிக்குப் பிடித்திருந்தது. உர்சுலாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே அத்தனை பக்கமும், பார்க்க முடியாததைப் பார்த்தவர்கள் அதை அப்படியே வைத்துவிட்டுப் போன கதை. சிப்பாயின் வெட்டுப்பட்ட காலை யாரும் ஒட்டிவைக்கவில்லை. அட்டையில் நான் மட்டும் ஒரு பிள்ளையை எழுப்பி உட்காரவைத்தால், உள்ளே உள்ள ஒரு வரியையாவது யார் நம்புவார்கள்? மாலைக்குள் அச்சுக்குப் பிளேட் போட வேண்டும். மறுநாள் ஒரு நாள்தான் மெஷின் எங்களுக்கு, அதன் பிறகு காலண்டருக்குப் போய்விடும். எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "செத்த பிள்ளையா? நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றவர், மெதுவாக, "இத மாரிச்செல்விகிட்ட எப்படிச் சொல்றது? புள்ளத்தாச்சிப் பொண்ணு" என்றார். மற்ற இரண்டு டிசைனர்களும் காலண்டர் வேலையில் கழுத்துவரை மூழ்கியிருந்தார்கள். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. நான்தான் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், படத்தில் இருக்கும் பிள்ளையின் கண்ணை மூடிவிடு என்று சொல்ல வேண்டும்.

யாழினிக்கு வெளியே உட்கார்ந்து வரைய ஒரு கட்டு வெட்டுக் காகிதம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஏசி அறையில் மாரிச்செல்வி ஒரு சரஸ்வதியின் வீணைக்குப் பொன்முலாம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். தெரிந்த விஷயம்தான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். எனக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போன கதையைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, சரஸ்வதியை ஓரமாக ஒதுக்கினார்.

"கண்ண மூடணும், அதானக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அது தூங்குற பிள்ள இல்லன்னு பாத்தன்னைக்கே தெரியும். தூங்குற பிள்ளைய எந்த அம்மாவும் இப்படிப் பிடிக்க மாட்டா. தெரிஞ்சுதான் தொறந்தேன்."

"ஏன்?"

"காலையில சிஸ்டத்தப் போட்டா ஸ்க்ரீன் முழுக்க அந்தப் பிள்ள கெடக்கு. இங்கன உள்ள இது உதைக்குது. நான் என்ன செய்ய? கொஞ்ச நேரம் முழிச்சிருக்கட்டும், பெறகு அழிச்சிருவோம்னு தொறந்து வச்சேன். நான் சாப்பிடப் போன நேரத்துல அண்ணாச்சி பாத்து, பிரமாதமா இருக்குன்னு புரூப் எடுத்துட்டாக. பெறகு எப்படிச் சொல்ல?"

"பொட்டு?"

"அது கைப்பழக்கம்க்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு அண்ணாச்சி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, அதைவிட வேகமாகத் தலையை இழுத்துக்கொண்டார். அது எங்களை இன்னும் சிரிக்க வைத்தது.

மூலப்படம் அடியில் பத்திரமாக இருந்தது. மாரிச்செல்வி வரைந்ததையெல்லாம் அதன் மேல் தனித் தனி அடுக்காகத்தான் வைத்திருந்தார். எடுப்பது சுலபம். வானத்து வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். பொட்டை எடுத்தார். சிரிப்பை எடுத்தார். கண்ணுக்கு வந்ததும் வளையல் சத்தம் நின்றது. "இத மட்டும் நீங்க செய்யுங்கக்கா" என்று மவுஸை என் பக்கம் தள்ளினார். எங்கே அழுத்த வேண்டும் என்று விரலால் காட்டினார். அழுத்தினேன். அவர் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார். நான் பயந்தது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "வரி வரியா இருக்கிறதுதான் நல்லா இருக்கு. துடச்சிருக்கக் கூடாது" என்றார்.

வெளியே வந்து யாழினியிடம் நானே சொன்னேன். அந்தப் பாப்பா தூங்கவில்லை, செத்துப்போய்விட்டது, சண்டையில் வீட்டின் மேல் குண்டு விழுந்துவிட்டது என்று, உர்சுலா விரும்பும் அளவுக்குக் குட்டி வாக்கியங்களில் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ராத்திரி கனவு வருமோ, டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்று நான் தொடங்கிவிட்டேன்.

"அவங்க அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். ரொட்டி அப்போது அங்கே குறைவு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வரையப் போய்விட்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். நான்தான் எழுந்து எழுந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மெஷின் ஓடியது. முதல் தாளில் சந்தனம் வைப்பது அங்கே வழக்கம். மெஷின்காரர் விரலில் சந்தனத்தோடு கொஞ்சம் தடுமாறிவிட்டு, புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்தில், படம் இல்லாத ஓரமாகப் பார்த்து வைத்தார். பிறகு சத்தம். ஒரு தாளில் நான்கு தாய்கள் வீதம் சரசரவென்று வந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய விளக்கில், ஆள் காவலோடு இருக்கும் படம் இங்கே காலண்டர் முருகனுக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக உயர்ந்தது. உர்சுலாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "வானம் நன்றாக வந்திருக்கிறது" என்று மட்டும் பதில் வந்தது. அவரிடமிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

மதியத்துக்குமேல் தாள்கள் மாடிக்குப் போயின. அங்கே ஏழெட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, நான் வருமுன்பே அச்சாகியிருந்த உள்பக்கங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். சீரியல் கதையை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாழினி நடுவில் உட்கார்ந்து தானும் ஒரு தாளை மடித்துக் கசக்கினாள். அட்டைக் கட்டைப் பிரித்த பேச்சியம்மா என்பவர், மேல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர். இடிந்த சுவரையும் தனி அடுப்பையும் மடியையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது எங்கன வெடிச்சது தாயி?"

பிள்ளையின் கண் திறந்திருந்தால் அவர் இதைக் கேட்டிருக்க மாட்டார், தாளை எண்ணிக் கட்டியிருப்பார்.

ஜெர்மனி என்றேன். பட்டாசு இல்லை, போர், விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள் என்றேன். எத்தனை வருடமாயிற்று என்று கேட்டார். எண்பது வருடம் போலாயிற்று என்றேன். சீரியல் கதை நின்றிருந்தது.

"எம்புட்டு வருசம் ஆச்சு. இன்னும் படம் போட்டு வச்சிருக்காக பாரு" என்றார் பக்கத்தில் இருந்த பெண்ணிடம். பிறகு என்னிடம், "எங்க மருமக பட்டாசுக் கம்பெனி வெடியில போனப்ப பேப்பர்க்காரகளும் வந்து போட்டோ எடுத்தாக. ரெண்டு நாளு வந்துச்சு. பெறகு ஒரு நா சேவு வாங்குனேன், அந்தப் பேப்பர்லதான் மடிச்சுக் குடுத்தாக" என்றார். அழவில்லை. தாளின் ஓரத்தைப் பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தார். "இதுல ஒண்ணு எடுத்துக்கிடவா?"

படியேறி வந்த அண்ணாச்சி காதில் அது விழுந்தது. வேஸ்ட் தாள் கிடக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவந்தவர், பாதியில் நிறுத்தி, நல்லதிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பேச்சியம்மா மை சரியாக விழுந்த ஒரு தாளாகத் தேடி எடுத்தார். பிளேடால் நான்கில் ஒன்றை ஓரம் பிசகாமல் வெட்டினார். காலையிலிருந்து மாலைவரை தாள் மடிப்பவர் அதை மடிக்கவில்லை. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சாப்பாட்டுப் பைக்குள் தூக்குவாளிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, உட்கார்ந்து அடுத்த கட்டைப் பிரித்தார்.